குப்பை போல்டரில் ஒரு சர்க்கரைக் கட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் கிடைத்தது. அதில் ஓடிய படத்தில் அல்ல, படம் ஓடுவதற்கு முன்னால் திரையில் வரிசையாக வந்து நின்ற போல்டர் பெயர்களில். விருந்துக்கு வந்திருந்த பெண் அந்தப் பெயர்களைப் படித்தாள். விருந்து வைத்தவர் அவள் படிப்பதைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்துவிட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், 'அடடா, கதை!' என்று நினைத்தேன். எழுதுகிற ஜாதிக்குப் பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் முதலில் தோன்றுவது இதுதான். தண்ணீர் வாளி பிறகுதான் ஞாபகம் வரும்.

ஆனால் இலக்கியம் என்றால் தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்கலாமா? ஆகவே இப்படித் தொடங்கினேன்:

தாஷ்கந்தில் பனி பெய்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோரம் தனிமையில் நின்றிருந்த ரானோவின் கண்களில் கடந்த காலத்தின்

[நிறுத்திவிட்டேன். அது ஜூன் மாதம், பனியாவது மண்ணாவது. ரானோ ஓபா ஜன்னலோரம் நிற்கிற ரகமும் இல்லை. நின்றால் கீழே யாரையோ திட்டுகிறார் என்று அர்த்தம். கண்களில் கடந்த காலமும் கிடையாது. கண்புரை இருந்தது, அதையும் போன வருடம் எடுத்தாயிற்று.]

இரண்டாவது முயற்சி:

படிகம் என்பது அணுக்களின் ஒழுங்கான அணிவகுப்பு. அதன்மீது எக்ஸ்-ரே கதிர் விழும்போது

[இதற்கு மேல் எழுதினால் கடைசியில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வரும்.]

எனவே உள்ளதைச் சொல்கிறேன். நான் கோமதி. இந்தத் தாஷ்கந்துக்கு வந்து இருபது வருடமாகிறது. ஒரு ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-ரே இயந்திரம் ஓட்டுகிறேன். அந்த அறையின் தலைவி ரானோ ஓபா. ஓபா என்றால் அக்கா. அறுபது வயதில் அரண்மனைக் கதவு மாதிரி ஒரு அக்கா. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் எழுதுவதை எட்டிப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. என் பெயரோடு, இந்த ஊர் வழக்கப்படி, ஒரு 'கான்' ஒட்டித்தான் கூப்பிடுவார்.

"என்னடி கிறுக்கற, கோமதிகான்?"

"உங்கள வெச்சு ஒரு கதை, ஓபா."

"அதுல நான் நல்லவளா, கெட்டவளா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அப்ப பேரை மாத்தாத. பேரை மாத்திட்டா தைரியம் வந்துரும் உனக்கு, கெட்டவளாவே எழுதிருவ."

பெயரை மாற்றவில்லை.

2

எங்கள் தொழிலை ரானோ ஓபா சமையலறையை வைத்து விளக்குவார். அதைவிட நன்றாக எனக்கு வராது.

உப்புக்கல் அளவு கூட இல்லாத ஒரு படிகத்தை எக்ஸ்-ரேயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுப்போம். ஆயிரக்கணக்கான படங்கள், எல்லாம் ஒரே மாதிரி: சாம்பல் பின்னணியில் கறுப்புப் புள்ளிகள், ஈ எச்சம் போட்ட சுவர். அந்தப் புள்ளிகளைக் கணினி எண்ணி, எடை போட்டு, ஓர் எண் அட்டவணையாக்கும். அட்டவணையிலிருந்து மூலக்கூறின் வடிவம் பிறக்கும். பத்திரிகைக்கு வடிவமும் அட்டவணையும் போகும். கச்சாப் படங்கள்? டிஸ்கில் இடம் போதவில்லை என்று அழிக்கப்படும். உலகம் முழுக்க இதே கதைதான். இப்போதுதான், அழிக்காதீர்கள், பொதுக் காப்பகத்தில் போடுங்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கட்டும் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.

ரானோ ஓபாவுக்கு அது அறவே பிடிக்காது. அதற்கும் பலோவை, அதாவது இந்த ஊர் ஆட்டிறைச்சிப் புலாவை, வைத்துத்தான் விளக்கம்.

"வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தட்டுல பலோவ் வெப்பியா, இல்ல வெங்காயத் தோலையும் கழுவாத சட்டியையும் கொண்டுவந்து காட்டுவியா?"

"பலோவ்ல முடி கெடந்தா, சட்டியப் பாக்கணும்னு கேப்பாங்கல்ல, ஓபா?"

"என் பலோவ்ல முடி கெடக்காது."

கிடக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. பக்கத்து நாட்டு பிஷ்கெக்கிலிருந்து, பெர்மெத் என்ற ஆராய்ச்சி மாணவியிடமிருந்து.

விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன்னால் ரானோ ஓபா ஒரு மலைச் செடியின் வேரிலிருந்து ஒரு மருந்துப் பொருளைப் பிரித்து, படிகமாக்கி, அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். சில மூலக்கூறுகளுக்கு வலது, இடது உண்டு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைப் போல. ஒன்று இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம். காலை மாற்றி நுழைத்தால் நுழையாது. இந்த மூலக்கூறு இடது என்று ரானோ ஓபா எழுதினார். பெர்மெத் அந்தக் கட்டுரையை நம்பி, இடதுகால் செருப்பைச் செயற்கையாகத் தைக்க உட்கார்ந்தாள். மூன்று வருடம். தைத்து முடித்துச் சோதித்தால், செடியிலிருந்து வந்தது ஒளியை ஒரு பக்கம் திருப்புவதாகக் கட்டுரையில் இருக்கிறது, இவளுடையது மறுபக்கம் திருப்புகிறது.

ஆக, யாரோ ஒருத்தி தப்பு. ஒன்று ரானோ ஓபா வலதை இடது என்று எழுதிவிட்டார். அல்லது பெர்மெத் தையலில் எங்கோ கோட்டைவிட்டாள்.

மறுபடி செடியைப் பறித்து அளக்கலாமே என்பீர்கள். அது வளர்ந்த சரிவில் இப்போது பனிச்சறுக்கு விடுதி இருக்கிறது. எடுத்து வைத்திருந்த பொருள் சோதனை எலிகளுக்குக் கொடுத்தே தீர்ந்தது. பெர்மெத் தயாரித்ததோ எண்ணெய். படிகமாக மாட்டேன் என்கிறது. மிச்சம் ஒரே வழி, அன்றைய கச்சாப் படங்கள். அவற்றைத்தான் அவள் பணிவாகக் கேட்டிருந்தாள்.

ரானோ ஓபா ஒரே வரியில் பதில் போட்டார்: படங்கள் அழிந்துவிட்டன.

3

பெர்மெத் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவளை ஒடிசலான, கூச்சமான, கண்ணீர் ததும்பும் பெண்ணாக எழுதினேன். வாசகர் பரிதாபப்படுவார், எனக்கும் வேலை சுலபம். நேரில் வந்தவளோ வாட்டசாட்டமான ஆள். பேருந்தில் வந்து இறங்கி, கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைந்து, ஒரு பை நிறைய குருத்தை, அதாவது உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டைகளை, ரானோ ஓபாவின் மேஜையில் வைத்தாள்.

"ஓபா, நான்தான் பெர்மெத். படம் அழிஞ்சுபோச்சுன்னு எழுதியிருந்தீங்க. எப்படி அழிஞ்சுதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எப்படியா? அழிச்சா அழியும்."

"யார் அழிச்சா?"

"நீ என்ன போலீஸா?"

"இல்ல ஓபா. போலீஸ்னா சம்பளம் வந்திருக்கும்."

ரானோ ஓபா ஒரு உருண்டையை வாயில் போட்டுக் கடித்தார். "உப்பு அதிகம்."

"எங்க அம்மா கை. அவங்களும் தப்பு ஒத்துக்க மாட்டாங்க."

[இந்த இடத்தில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். முறைக்கவில்லை. ரானோ ஓபாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அவர் குருத்தோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார்.]

இங்கே ஒரு சிக்கல். வெளியூரிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்துவிட்டால், அவள் உங்கள் கழுத்தை அறுக்க வந்திருந்தாலும் சாப்பிட வைக்காமல் அனுப்ப முடியாது. இந்த ஊரில் அது கொலையைவிடப் பெரிய குற்றம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச் சொன்னார். சாட்சிக்கு நானும் வரவேண்டும் என்றார்.

4

பலோவைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினால் கதை அங்கேயே தங்கிவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் பச்சைத் தேநீர் வந்தது, கூடவே ஒரு தட்டில் நவ்வோத். நம்மூர் கல்கண்டுக்குப் பெரியப்பா முறை. மஞ்சள் நிறத்தில், கட்டி கட்டியாக, சுத்தியலால் உடைக்கிற ரகம். அதற்குப் பிறகு வழக்கமான கொடுமை ஆரம்பித்தது. வீட்டுக்கு முதல் முறையாக வரும் விருந்தாளிக்கு மகனுடைய கல்யாண வீடியோவைக் காட்டியாக வேண்டும். தப்பிக்க வழியே இல்லை. நான் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். மணப்பெண் எந்த நிமிடத்தில் தும்முவாள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

ரானோ ஓபா அலமாரியிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்தார். பின்பக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் முத்திரை. தொலைக்காட்சியில் செருகினார். திரையில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

கல்யாணம்.
கல்யாணம்_கடைசி.
மலைச்செடி_படங்கள்.
குப்பை_நவ்வோத்.

அறையில் இருந்த மூன்று பேரும் படிக்கத் தெரிந்தவர்கள். இத்தனை முறை வந்தும் நான் அந்தப் பெயர்களைப் படித்ததில்லை, தும்மலுக்குத்தான் காத்திருந்திருக்கிறேன்.

வீடியோக்காரர் காலி டிஸ்க் கேட்டிருக்கிறார். ரானோ ஓபா இதைக் கொடுத்திருக்கிறார். பழையதை அழித்துவிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. அழித்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்வதும் அழிப்பதும் ஒன்றல்லவே.

[இங்கே பெர்மெத் துள்ளி எழுந்து 'பொய்!' என்று கத்துவதாக ஒரு வரைவு வைத்திருக்கிறேன். நாடகமாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அப்போதுதான் அந்த வீட்டு ரொட்டியைத் தின்றிருந்தாள்.]

ரானோ ஓபா ரிமோட்டை அழுத்தினார். கல்யாணம் ஓடியது. பெர்மெத் பார்த்தாள், மூன்று மணி நேரமும், அந்தப் போல்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல். எக்காளம் ஊதியது, மாப்பிள்ளை வந்தார், பெண் தும்மினாள், நூறு உறவினர்கள் தனித்தனியாக ஒலிபெருக்கியில் வாழ்த்தினார்கள். பெர்மெத் சரியான இடங்களில் சிரித்து, சரியான இடங்களில் "அழகா இருக்காங்க" என்றாள். என் வாழ்க்கையில் இவ்வளவு பயங்கரமான பண்பாட்டை நான் பார்த்ததில்லை. ரானோ ஓபாவின் கழுத்து மெதுவாகச் சிவந்துகொண்டே வந்தது.

கடைசி நடனமும் முடிந்தது.

"கல்யாணம் பிரமாதம், ஓபா," என்றாள் பெர்மெத். "அந்தக் குப்பையில என்ன இருக்கு?"

செடியைக் கேட்பாள் என்று காத்திருந்த ரானோ ஓபா தடுமாறினார்.

"சர்க்கரைடி. நவ்வோத். அந்த வருஷம் கருவி ரிப்பேராச்சு. ஒருத்தன் வந்து சரி பண்ணிட்டு, ரெண்டு திருகாணிய மிச்சம் வெச்சுட்டுப் போனான். ஓடுதான்னு பாக்க, டீத்தட்டுலேர்ந்து ஒரு துணுக்க ஒடச்சு வெச்சோம். எப்பவும் அப்படித்தான் பாப்போம்."

"செடிய வெக்கறதுக்கு முன்னாடியா?"

"அன்னிக்குக் காலையிலதான். மத்தியானம் செடிய..."

ரானோ ஓபா பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த நவ்வோத் துண்டைப் பார்த்தார். அதைத் தட்டில் திரும்ப வைத்தார்.

5

அவர் ஏன் நிறுத்தினார் என்று சொல்லிவிடுகிறேன். மர்மக்கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை.

சர்க்கரைக்கும் வலது இடது உண்டு. அதன் கை எது என்பது உலகத்துக்கே தெரியும், சர்ச்சை கிடையாது. பழுதுபார்த்தவன் படத்தை இடவலம் மாற்றிப் பதியும்படி விட்டுவிட்டுப் போயிருந்தால், கருவி அன்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அதில் எதை வைத்தாலும் கை மாறித்தான் தெரியும், செடியும் சரி, சர்க்கரையும் சரி. செடியின் படங்களை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. சர்க்கரையைப் பார்த்தால் புரிந்துவிடும். அது கை மாறியிருந்தால் ரானோ ஓபாவின் புகழ்பெற்ற கட்டுரை தலைகீழ், பெர்மெத் தைத்த செருப்பு சரி. சர்க்கரை ஒழுங்காக இருந்தால் ரானோ ஓபா சரி, பெர்மெத்தின் மூன்று வருடம் குப்பை.

யாரும் சீண்டாத ஒரு சோதனைப் பொட்டலம், அந்த இரண்டு பேரில் ஒருத்தியை அழவைக்கப் போகிறது. அதை எங்கள் கணினியில் திறந்து பார்க்க ஒரு தேநீர் நேரம் போதும்.

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் மூன்றாந்தர எழுத்தாளி விழித்துக்கொண்டாள்.

அன்று மாலை, தனியாக, ரானோ அந்த டிஸ்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சிர்சிக் ஆற்றுப் பாலத்துக்கு

படித்து, மொழிபெயர்த்துக் காட்டினேன்.

"ஆத்துலயா?" என்றார் ரானோ ஓபா. "என் மகன் கல்யாணம் இருக்குடி அதுல!"

"அப்ப சர்க்கரைய மட்டும் அழிக்கிற மாதிரி எழுதட்டுமா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். பிறகு, "யோசிச்சேன்," என்றார். "அதை எழுது. யோசிச்சேன்னு எழுது. அழிச்சேன்னு எழுதாத."

எழுதிவிட்டேன். யோசித்தார்.

6

திங்கட்கிழமை காலை பெர்மெத் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ரானோ ஓபா டிஸ்கை மேஜையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"நான் மொதல்ல திறந்தா, கெழவி எதையோ அழிச்சுட்டான்னு நீ சொல்லுவ."

"சொல்லுவேன், ஓபா."

"நீ மொதல்ல திறந்தா, இவ எதையோ மாத்திட்டான்னு நான் சொல்லுவேன்."

"நீங்க என் மூஞ்சியப் பாத்தே சொல்லுவீங்க."

"அப்ப ரெண்டு பேரும் தொடக்கூடாது. காப்பகத்துல போட்டுருவோம். திறக்காம, அப்படியே. ஊரே எடுத்துப் பாக்கட்டும். நீ உங்க ஊருக்குப் போய் அங்கேர்ந்து எடுத்துக்க."

நான் வாயைப் பிளந்தேன். கழுவாத சட்டியை நடுத்தெருவில் கொண்டுபோய் வைக்கிறேன் என்கிறார் மனுஷி.

காப்பகத்தின் படிவத்தில் எல்லாப் பெட்டிகளையும் அவரே நிரப்பினார். 'இந்தத் தரவில் உங்களுக்குத் தெரிந்த குறைகள்' என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் வெகு நேரம் விரல் நின்றது. பிறகு தட்டினார்: 'அன்று கருவி கண்ணாடியாக இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. சர்க்கரையைக் கேளுங்கள்.'

[பதப்படுத்தாத உண்மை ஒன்று: அவர் டிஸ்கை மொத்தமாக இழுத்துப் போட்டுவிட்டார். கல்யாணமும் சேர்ந்து ஏறிவிட்டது. இப்போது உலகப் படிகவியலின் பொதுச் சொத்தில் அந்தப் பெண்ணின் தும்மலும் அடக்கம். நீக்கிவிடலாம் என்றேன். 'கச்சான்னா எல்லாம்தான் கச்சா, கெடக்கட்டும்' என்றுவிட்டார்.]

7

[அழித்துவிட்டேன். இதில் ஒன்றும் நடக்கவில்லை. பெர்மெத் பேருந்து ஏறினாள், மறுநாள் நாங்கள் இருவரும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். கதை நீளமாகிறது, இடம் போதவில்லை.]

8

தொலைபேசி அடித்தது. பிஷ்கெக் எண்.

இனி முடிவு. மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதலாவதில் சர்க்கரை கை மாறியிருக்கிறது. ரானோ ஓபா கட்டுரையைத் திருத்தி எழுதுகிறார், இரண்டாவது பெயர் பெர்மெத். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. [எந்த அரங்கம்? எங்கள் துறையில் மொத்தமே பதினைந்து பேர், அதில் பாதிப் பேருக்கு மூட்டுவலி.]

இரண்டாவதில் சர்க்கரை ஒழுங்காக இருக்கிறது. பெர்மெத் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அம்மாவோடு சேர்ந்து குருத் வியாபாரம் ஆரம்பிக்கிறாள். ரானோ ஓபா முதல் வாடிக்கையாளர். [இதை எழுதும்போது எனக்கே என்மீது எரிச்சல் வந்தது.]

மூன்றாவதில் படங்கள் பழுதாகியிருக்கின்றன, திறக்கவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. [கோழைத்தனம். விமர்சகர்களுக்கு மட்டும் பிடிக்கும்.]

எழுதியது முழுவதையும் ரானோ ஓபாவுக்கு மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, மூன்று முடிவுகளையும் சொன்னேன்.

"நடந்தது எதுன்னு உனக்குத்தான் தெரியுமே? அப்புறம் எதுக்குடி மூணு?"

"நடந்தத எழுதட்டுமா?"

"வேண்டாம். முடிவ எழுதினா முடிவ மட்டும்தான் ஞாபகம் வெச்சுப்பாங்க. அட்டவணை மாதிரி. புள்ளி எல்லாம் போயிரும்." பிறகு விரல்விட்டு எண்ணி, "ஏழு எங்க?" என்றார்.

"ஏழா?"

"ஆறுக்கு அப்புறம் எட்டுக்குத் தாவிட்ட. நான் எண்ணிட்டேதான கேட்டேன்? ஏழு எங்கடி?"

"அழிச்சுட்டேன், ஓபா. அதுல ஒண்ணும் இல்ல. சும்மா டீ."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. நான் குப்பைத் தொட்டியைத் திறந்து தேடினேன்.

7 (குப்பையிலிருந்து மீட்டது)

பெர்மெத் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள், படங்களைக் காப்பகத்திலிருந்து இறக்கியிருப்பாள், இந்நேரம் கணினி சர்க்கரையின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கும். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ரானோ ஓபா கோப்பையில் நவ்வோத்தைப் போட்டு, கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன். எழுதிராத."

"சரி, ஓபா."

"என்னுதுதான் தப்பா இருக்கணும்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். இந்த மனுஷிக்கு அந்தக் கட்டுரை என்னவென்று எனக்குத் தெரியும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மகனுடைய கல்யாணப் படம்கூட அதற்குக் கீழேதான் இருக்கிறது.

"ஏன், ஓபா?"

"நான் அந்தப் பேரை வெச்சு இத்தன வருஷம் சாப்ட்டாச்சு. அவ இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கல." தேநீரை ஊதினார். "அதோட, ஒரு வார்த்த கேக்காம மூணு மணி நேரம் உக்காந்து பாத்தாளே. என் தங்கச்சியே பாதியில எழுந்து போனவதான்."

சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. பிஷ்கெக் எண். ரானோ ஓபா எடுக்கப் போனார், எடுக்காமல் என் பக்கம் நகர்த்தினார்.

"நீ எடுடி," என்றார்.

நான் எடுத்தேன். பெர்மெத் சொன்னதைக் கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் ஓபாவிடம் எழுதமாட்டேன் என்று ஏற்கெனவே ஒரு வாக்கைக் கொடுத்து, இதோ அதை உடைத்துவிட்டேன். முடிவை எழுதாதே என்ற அவர் இரண்டாவது பேச்சையும் மீறினால் எனக்குப் பலோவ் கிடையாது.

படங்கள் காப்பகத்தில் கிடக்கின்றன, செடி, சர்க்கரை, தும்மல் எல்லாம். போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நீங்கள் எடுங்கள். அவர் பக்கத்திலேயே நிற்கிறார், மெதுவாகச் சொல்லுங்கள்.